பலகை நட்டால் பாதை ஆகுமா?

பிரிட்டனின் சாலையோரங்களில் ஒரு சிறிய நீலப் பலகையை அடிக்கடி பார்க்கலாம். வெள்ளைக் கோட்டில் ஒரு சைக்கிள் படம். பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எண். தேசிய சைக்கிள் பாதை வலையமைப்பின் அடையாளம் அது. 1 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் தென்கிழக்குக் கோடி டோவரில் கிளம்பியவர் வடகோடி ஷெட்லாந்து தீவுகள் வரை போகலாம். 4 என்ற எண் லண்டனிலிருந்து வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் ஃபிஷ்கார்ட் வரை கூட்டிப்போகும். வரைபடத்தில் பார்த்தால் நாடு முழுவதும் நரம்பு ஓடுவதுபோல இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஓர் எண்ணின் பின்னால் போனேன். ஊர்ப்பெயர் வேண்டாம். கால்வாய்க் கரையில், வாத்துகளுக்கு வழிவிட்டபடி நான்கு மைல் சுகமான பயணம். பிறகு பாதை ஒரு பெரிய ரவுண்டானாவில் கொண்டுபோய்த் தள்ளியது. லாரிகள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த நீலப் பலகை அக்கரையில் தெரிந்தது. இக்கரையில் இன்னொரு பலகை: ‘சைக்கிள் ஓட்டுவோர் இறங்கி நடக்கவும்.’ நடக்க நடைபாதை கிடையாது, ஈரப் புல்மேடுதான். எனக்கு முன்னால் இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு தாய் சற்று நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அந்தத் தாயைப் பொறுத்தவரை அன்று அந்தத் தேசியப் பாதை ரவுண்டானாவோடு முடிந்துவிட்டது. அப்பால் இன்னும் 200 மைல் இருக்கிறது என்று வரைபடம் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அந்த ரவுண்டானா யாருடையது என்று கேட்டால் விஷயத்தின் வேர் பிடிபடும். பாதைக்கு எண் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். ரவுண்டானா உள்ளூர் கவுன்சிலுடையது. நம் ஊர் மாநகராட்சி, நகராட்சிபோல அங்கே கவுன்சில். தேசிய நெடுஞ்சாலைகளைத் தவிர்த்த மற்றச் சாலைகளுக்கெல்லாம் சட்டப்படி அதுதான் பொறுப்பு. தேசியம் என்ற பெயர் பலகையோடு சரி. தார், விளக்கு, சிக்னல், தேங்கிய தண்ணீர், உதிர்ந்த இலை எல்லாம் உள்ளூர் சமாசாரம்.

இந்த வலையமைப்பின் கதை 1977-இல் பிரிஸ்டல் நகரில் தொடங்குகிறது. ‘சைக்கிள்பேக்’ என்ற பெயரில் சைக்கிள் ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். எண்ணெய் நெருக்கடியின் சூடு ஆறாத காலம். 1963-இல் ரயில்வே தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கையை ஒட்டி ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் மூடப்பட்டு, தண்டவாளங்கள் கழற்றப்பட்டு, தடங்களில் முட்புதர் மண்டிக் கிடந்தது. அந்தத் தடங்களின் மீதுதான் இவர்களின் கண் விழுந்தது. ரயில் தடத்துக்கு ஒரு குணம் உண்டு. நீராவி இன்ஜினுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, குன்று குறுக்கிட்டால் குடைந்து, தடத்தைச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். இன்ஜினுக்கு ஏற்ற அந்த ஏற்ற இறக்கம் மனிதனின் முழங்காலுக்கும் ஏற்றது. விக்டோரியா காலத்துக் கூலிகள் வியர்வை சிந்திய வேலையை, நூறாண்டு கழித்து ஒரு சைக்கிள் கூட்டம் சும்மா கிடைத்த சொத்தாகக் கண்டுகொண்டது.

ஜான் கிரிம்ஷா என்ற கட்டுமானப் பொறியாளர் முன்னின்றார். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தில் 1979-இல் மண்வெட்டியைப் போட்டார்கள். தன்னார்வலர்கள் வந்தார்கள், அரசின் வேலைத் திட்டங்களின் கீழ் வேலையற்ற இளைஞர்கள் வந்தார்கள். 1986-இல் 13 மைல் பாதை முடிந்தது. இன்று அது 4-ஆம் எண் தேசியப் பாதையின் ஒரு துண்டு. பிரிஸ்டல், தென் குளஸ்டர்ஷையர், பாத் - வடகிழக்கு சாமர்செட் என மூன்று கவுன்சில்களின் எல்லையைக் கடந்து போகிறது.

அந்தப் பாதை வெற்றி பெற்றதற்கு அழகிய காட்சிகளைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நகரத்தின் நடுவயிற்றிலிருந்து கிளம்புகிறது. குடியிருப்புகளின் கொல்லைப்புறம் வழியாக, பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் பக்கத்தில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்குப் போகிறவரைவிடத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்தான் பாதைக்கு உயிர் கொடுக்கிறார். தேசிய எண் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. உள்ளூர்க்காரர்களுக்கு நல்லதாக அமைந்த பாதை தேசியத்துக்கும் உதவியது. பிற்காலத்தில் பல இடங்களில் இது தலைகீழாகிப் போனது.

சைக்கிள்பேக் வளர்ந்து சஸ்ட்ரான்ஸ் என்ற தொண்டு நிறுவனமானது. (2025-இல் பெயரை மறுபடியும் மாற்றிக்கொண்டு ‘வாக் வீல் சைக்கிள் டிரஸ்ட்’ ஆகிவிட்டது, பழைய பெயரே வாயில் வருகிறது.) 1995-இல் தேசிய லாட்டரிப் பணத்திலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. புத்தாயிரம் பிறப்பதற்குள் நாடு தழுவிய வலையமைப்பு வேண்டும் என்பது நிபந்தனை. 2000 ஜூனில் 5,000 மைல் பாதை திறக்கப்பட்டது. ஊருக்கு ஊர் வார்ப்பிரும்பில் அலங்கார மைல்கற்கள் நட்டார்கள். இப்போதும் பார்க்க அழகாக இருக்கும். அடுத்து 10,000 மைல் என்றார்கள். மைல் கணக்கில் ஒரு மயக்கம் வந்துவிட்டது.

ரயில் தடம் கிடைத்த இடத்தில் நல்ல பாதை போட்டார்கள். கிடைக்காத இடத்தில்? ஏற்கெனவே இருக்கும் சாலையில் பலகை நட்டு இணைத்துக்கொண்டார்கள். கிராமத்துச் சிறு சாலை என்றால் அது தப்பில்லை. ஆனால் போடும்போது நாளுக்கு நூறு கார் போன சாலையில் பத்து வருஷத்தில் ஆயிரக்கணக்கில் போனது. கையில் இருக்கும் வழிகாட்டிக் கருவி குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்த பிறகு, ஒதுக்குப்புறச் சாலை என்று ஒன்று மிஞ்சவே இல்லை. பலகை மட்டும் அப்படியே நின்றது.

2018-இல் அந்த நிறுவனமே தன் வலையமைப்பை முழுக்கத் தணிக்கை செய்தது. மொத்தம் 16,575 மைல். அதில் வாகனம் நுழையாத பாதை மூன்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் கார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் சாலை. பாதி அளவுக்குக் கொஞ்சம் குறைவான பகுதி மோசம் அல்லது மிக மோசம் என்று அவர்களே எழுதிக்கொடுத்தார்கள். ஆளை நிறுத்தும் தடுப்புகளும் கதவுகளும் மட்டும் 16,000-க்கும் மேல். விவரமான 12 வயதுக் குழந்தை தனியாக ஓட்டிப் போகும்படி பாதை இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். அந்த அளவுகோலில் தேறாத சாலைப் பகுதிகளை 2020 ஜூலையில் நீக்கினார்கள், அல்லது வேறு வகையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ வலையமைப்பில் கால்வாசி ஒரே நாளில் குறைந்தது.

பத்திரிகைகள் இதைப் பின்னடைவு என்று எழுதின. எனக்கோ அந்த வலையமைப்பின் வரலாற்றிலேயே இதுதான் நேர்மையான செயல் என்று தோன்றுகிறது. தான் நட்ட பலகையைத் தானே பிடுங்குவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். ‘எங்களிடம் இத்தனை ஆயிரம் மைல்’ என்று மார்தட்டிய அமைப்பு, ‘இதில் கால்வாசியில் உங்கள் குழந்தையை அனுப்பாதீர்கள்’ என்று சொன்னது. எந்த அரசுத் துறை இப்படிச் சொல்லும்?

பலகையைப் பிடுங்கிவிட்டால் பாதை வந்துவிடாது. அங்கேதான் கவுன்சிலின் வேலை ஆரம்பிக்கிறது. அதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் இரண்டடுக்கு ஆட்சி. சாலை மேலடுக்கான கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் தெருப் பெருக்குவதும் கீழடுக்கான மாவட்டக் கவுன்சிலின் பொறுப்பு. இலையுதிர்காலம் முடிந்து பனி வரும்போது பாதையில் உப்புத் தூவ வேண்டியவர் ஒருவர், அதே பாதையில் வழுக்கும் இலையை வார வேண்டியவர் இன்னொருவர். புதிதாக 500 வீடு கட்டும் நிறுவனத்திடம், பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையத்துக்குச் சைக்கிள் பாதைக்கான பணத்தைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு அனுமதி கொடுக்கும் அந்த ஒரு தருணத்தில்தான் உண்டு. 1990-ஆம் ஆண்டுத் திட்டச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. மாவட்ட அதிகாரி அதைக் கேட்காமல் விட்டால், கவுண்டி அதிகாரி பிறகு எத்தனை வரைபடம் போட்டாலும் பணம் வராது.

நிலமோ இன்னொரு சிக்கல். வயல் நடுவே மக்கள் நடந்து நடந்து உரிமையான ஒற்றையடிப் பாதைகள் அந்த நாட்டில் ஏராளம். அவற்றில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டும் உரிமை கிடையாது. குதிரைப் பாதையில் ஓட்டலாம் என்று 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் சொன்னது. கூடவே ஒரு வால்: சைக்கிள் ஓட்டுபவரின் வசதிக்காகப் பாதையைச் செப்பனிடும் கடமை யாருக்கும் இல்லை. போகலாம், சேற்றில் மாட்டிக்கொண்டால் உங்கள் பாடு. ஒற்றையடிப் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்ற 1984-இல் தனிச் சட்டம் வந்தது. அதிலும் விவசாய நிலம் என்றால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். யாராவது ஆட்சேபித்தால் கோப்பு அமைச்சர் மேசைக்குப் போகும். அரை மைல் பாதைக்கு ஐந்தாறு ஆண்டு கடிதப் போக்குவரத்து நடப்பதில் வியப்பில்லை.

இவற்றை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். சட்டமும் நிலமும் குறுக்கே நிற்காத இடத்தில்கூடக் கவுன்சில்கள் கோட்டை விடுகின்றனவே, அதற்கு என்ன சொல்வது? தடுப்புக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் பையன்கள் நுழைகிறார்கள் என்று குடியிருப்போர் புகார் கொடுப்பார்கள். கவுன்சில் உடனே வளைந்து நெளியும் இரும்புக் கதவு ஒன்றை வைத்துவிடும். மோட்டார் சைக்கிள் பையன் அதைத் தூக்கியோ சுற்றியோ போய்விடுவான். மாட்டிக்கொள்வது சக்கர நாற்காலிக்காரர், கையால் சுழற்றும் சைக்கிளில் வரும் ஊனமுற்றவர், குழந்தைகளை முன்பெட்டியில் வைத்து ஓட்டும் தாய், மூன்று சக்கர சைக்கிளில் வரும் முதியவர். 2020-இல் அரசு வெளியிட்ட வடிவமைப்புக் கையேடு, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள சைக்கிள் தடையின்றிப் போக வேண்டும், இடைவெளி 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று அளவே கொடுத்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் இருக்கிறது. அந்தக் கதவுகளை அறுத்து எடுக்கப் பல கோடி தேவையில்லை. ஒரு வெல்டரும் ஒரு வண்டியும் போதும்.

வெள்ளைக் கோட்டுக் கலாசாரம் இதைவிட வேடிக்கை. சாலையோரத்தில் ஒரு கோடு இழுத்து, சைக்கிள் படம் வரைந்து, ‘இத்தனை மைல் தடம் அமைத்தோம்’ என்று கணக்குக் காட்டுவது பல காலம் நடந்தது. கோட்டின் நடுவில் விளக்குக் கம்பம் நிற்கும். பத்தடியில் கோடு முடிந்து பேருந்து நிறுத்தம் வரும். வாரிங்டன் நகரத்துச் சைக்கிள் ஆர்வலர்கள் இப்படிப்பட்ட தடங்களைப் படம் எடுத்து, மாதம் ஒன்றுக்கு விருது கொடுப்பதுபோல வெளியிட்டு வந்தார்கள். பிறகு அது புத்தகமாகவே வந்தது. கோபப்பட்டு எழுதிய நூறு மனுக்களைவிட அந்தச் சிரிப்பு நன்றாக வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

செய்துகாட்டிய கவுன்சிலும் உண்டு. லண்டனின் வடகிழக்கே வால்தம் ஃபாரஸ்ட். அதன் மேற்கு எல்லையை ஒட்டி லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1-ஆம் எண் தேசியப் பாதை போகிறது. ஆற்றங்கரையில் பாதை இருந்தும், ஊருக்குள் இருப்பவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் பேருந்துகளோடும் கார்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2014-இல் சைக்கிளுக்கான ‘மினி ஹாலந்து’ திட்டத்தின் கீழ் அந்தக் கவுன்சிலுக்குச் சுமார் 2 கோடியே 70 லட்சம் பவுண்டு கிடைத்தது. வேறொரு கவுன்சிலாக இருந்தால் ஆற்றங்கரையில் இன்னும் அழகாக ஒரு பாதை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். இவர்கள் ஊருக்குள் கைவைத்தார்கள். குறுக்குவழிக் கார்கள் புகாதபடி குடியிருப்புத் தெருக்களை மறித்தார்கள். லீ பிரிட்ஜ் சாலையில் விளிம்புக் கல் வைத்துத் தனித்தடம் பிரித்தார்கள். வால்தம்ஸ்டோ கிராமப் பகுதியின் கடைவீதியான ஆர்ஃபர்டு சாலையைக் காலை 10 முதல் இரவு 10 வரை கார்களுக்கு மூடினார்கள்.

எதிர்ப்பு கிளம்பியது. 2015-இல் எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். ஊர் செத்துவிட்டதாம், வியாபாரம் செத்துவிட்டதாம். அவர்கள் எல்லோரையும் கார் பித்தர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. மறித்த தெருவில் குறைந்த கார்கள் பக்கத்துச் சாலையில் சேருமே என்ற அச்சம் நியாயமானது; அந்தச் சாலையோரம் குடியிருப்பவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். கவுன்சில் துணைத்தலைவர் கிளைட் லோக்ஸ் பின்வாங்கவில்லை. 2018 தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடிக்கவும் இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் ஆல்ட்ரெட் குழுவினர் ஓர் ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். மாற்றம் அதிகம் நடந்த பகுதியில் இருந்தவர்கள், அது நடக்காத புறநகர்க்காரர்களோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு 41 நிமிடம் கூடுதலாக நடந்தும் சைக்கிள் ஓட்டியும் பயணம் செய்தார்கள். அதில் சைக்கிள் 9 நிமிடம். மீதி 32 நிமிடம் நடை. சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் அதிகம் பயன்பெற்றது செருப்புக்காலோடு கடைக்குப் போனவர்தான். இந்த ஒரு புள்ளிவிவரத்தை எல்லாக் கவுன்சில் கூட்ட அரங்கிலும் எழுதி மாட்டலாம். ‘சைக்கிள்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இத்தனை செலவா?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பாதை மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஸ்டீவனேஜ் ஒரு பாடம். லண்டனுக்கு வடக்கே, போருக்குப் பின் எழுந்த முதல் புதுநகரம். எரிக் கிளாக்ஸ்டன் என்ற தலைமைப் பொறியாளர், தானே தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனவர், ஊர் முழுக்கத் தனித்தடம் போட்டார். ரவுண்டானாக்களுக்கு அடியில் சைக்கிள் போகச் சுரங்க வழி; ஓட்டுபவர் மூச்சிரைக்கக் கூடாது என்று பாதையைக் கொஞ்சம் தாழ்த்தி, சாலையைக் கொஞ்சம் உயர்த்திய நுட்பம். டச்சுக்காரர்களே பாராட்டும் வேலை. ஆனால் ஊர் நெதர்லாந்து ஆகவில்லை. அதே கிளாக்ஸ்டன் கார்களுக்கும் அகலமான, நெரிசலே இல்லாத சாலைகளைப் போட்டுக் கொடுத்திருந்தார். கார் சாவி கையில் இருக்க, சட்டென்று போய்வர வழியும் இருக்க, யார் மிதிப்பார்கள்? சைக்கிளுக்கு இடம் கொடுப்பதில் பாதி வேலை முடிகிறது. காரிடமிருந்து கொஞ்சம் வசதியைத் திரும்ப வாங்குவது மறுபாதி. வால்தம் ஃபாரஸ்ட் அந்த மறுபாதியைச் செய்தது. சவப்பெட்டி வந்தது அதனால்தான்.

பணம் கொடுக்கும் முறையும் முக்கியம். பல காலம் பிரிட்டன் அரசு ஒரு தொகையை அறிவிக்கும். கவுன்சில்கள் போட்டி போட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த கவுன்சிலுக்குப் பணம், மற்றதற்கு ஏமாற்றம். கிடைத்த பணத்தையும் நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் கடினமான ரவுண்டானாவை யார் தொடுவார்கள்? பூங்காவுக்குள் நாலு வளைவு போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். உள்ளூர்த் திட்டம் ஒன்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள் என்று 2017-இல் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு அரசு வழிமுறை தந்தது. பல கவுன்சில்கள் நல்ல வரைபடங்களைப் போட்டும் வைத்தன. 2022-இல் ஒலிம்பிக் வீரர் கிறிஸ் போர்ட்மேன் தலைமையில் ‘ஆக்டிவ் டிராவல் இங்கிலாந்து’ என்ற அரசு அமைப்பு வந்தது. தரம் இல்லாத தடத்துக்குப் பணம் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தது நல்ல செய்தி. மறு ஆண்டு மார்ச்சிலேயே அரசு நிதியைப் பெரிதாக வெட்டியது கெட்ட செய்தி. வேல்ஸ் வேறு வழியில் போனது. அங்கே 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதைகளை வரைபடமாக்கி ஆண்டுதோறும் மேம்படுத்துவது கவுன்சிலின் கடமை. விருப்பமிருந்தால் செய்யும் தர்மம் என்ற நிலை போய்விட்டது. சட்டம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்லவில்லை. கேட்க ஒரு பிடிமானம் இருக்கிறது.

பாத் நகருக்கு 2013-இல் இன்னொரு பாதை வந்தது. பழைய ரயில் தடத்தில் இரண்டு சுரங்கங்களைத் திறந்தார்கள். அதில் கோம்ப் டவுன் சுரங்கம் 1,672 மீட்டர். உள்ளே போனால் விளக்கும் இசையும் உண்டு. தேசிய எண் 244. வெளியூர்க்காரர்கள் பார்க்க வருகிறார்கள், வரட்டும். ஆனால் பிரிட்டனில் மக்கள் செய்யும் பயணங்களில் மூன்றில் இரண்டு பங்கு 5 மைலுக்குள் முடிந்துவிடுபவை. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ரயில் நிலையம், அத்தை வீடு. தேசியப் பாதையை வளர்ப்பது என்றால் கவுன்சில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஐந்து மைல்களைத்தான். அவை சரியானால் அவற்றைக் கோத்து எண் கொடுப்பது சின்ன வேலை.

பிரிஸ்டல்காரர்களிடம் இதைச் சொல்லத் தேவையில்லை. 2008 தொடக்கத்தில் அங்கே ஒரு யோசனை கிளம்பியது: அந்த ரயில் தடப் பாதையின் ஒரு பகுதியை விரைவுப் பேருந்து வழியாக்கலாம் என்று. பேருந்தும் பொதுப் போக்குவரத்துதானே, காரா கேட்டோம் என்றார்கள். சில வாரங்களில் ஏறத்தாழ 10,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்குப் பிள்ளைகளை விடுபவர்கள், நாயோடு நடப்பவர்கள், சைக்கிளே ஓட்டாதவர்கள். யோசனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு பிரிஸ்டலை நாட்டின் முதல் ‘சைக்கிள் நகரம்’ என்று அரசு அறிவித்தது. பாதை இன்றும் அங்கேதான் இருக்கிறது, மூன்று கவுன்சில்களின் எல்லைகளைத் தாண்டி, ஒரு ரவுண்டானாகூடக் குறுக்கிடாமல்.